ஒரு மில்லிமீட்டர் தகட்டில் எதை எதனால் முடுக்குவது: பழைய கார் ஒன்றைத் திரும்பப் பூட்டிய அனுபவம்

பெயின்ட் வேலை முடிந்து வெறும் பாடியாக நின்ற காரின் அருகே உட்கார்ந்து, பிரிக்கும்போது சிறு பைகளில் கட்டிவைத்திருந்த திருகாணிகளையும் நட்டுகளையும் ஒரு தட்டில் கொட்டியபோதுதான், இனி வரப்போகும் வேலை பெயின்டைவிடச் சிக்கலானது என்பது எனக்கு உறைத்தது. வண்டி 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் தயாரான நான்கு கதவு செடான். அதன் பிறகு அதைக் கையாண்ட ஒவ்வொருவரும் தத்தம் கைக்கு அகப்பட்டதை முடுக்கி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு முன் மட்கார்டிலிருந்து வந்த பன்னிரண்டு போல்ட்டுகளில் மூன்று வகை மரைகளும் நான்கு வகைத் தலைகளும் இருந்தன; அவற்றோடு இரண்டு மரத் திருகாணிகளும் இருந்தன. கதவு நிலையில் போடும் அதே மரத் திருகாணிகள்தான்.

எதைத் திரும்பப் பயன்படுத்துவது, எதை மாற்றுவது என்று முடிவு செய்வதற்கு முன் தகட்டின் தடிமனை அளந்தேன். மட்கார்டின் தகடு 0.9 மில்லிமீட்டர் இருந்தது; எண் குறையக் குறையத் தடிமன் கூடும் கேஜ் கணக்கில் அது 20. தளத்தகடு அதைவிடச் சற்றுத் தடிமனாக, 18 கேஜாக, 1.2 மில்லிமீட்டர் காட்டியது. இந்த இரண்டு எண்களும்தான் பிறகு எடுத்த எல்லா முடிவுகளையும் ஆட்டிவைத்தன. எம்6 போல்ட்டின், அதாவது 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெட்ரிக் போல்ட்டின், மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். அப்படியானால் மட்கார்டின் தகட்டில் துளையிட்டு மரை வெட்டினால் ஒரு முழுச் சுற்றுகூட அகப்படாது. அதே போல்ட்டுக்கான சாதாரண நட்டின் உயரமோ ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். ஐந்து சுற்று மரை சுமையைப் பகிர்ந்துகொள்கிறது. போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் அது சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவையைத் தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பெருமை மெல்லிய தகட்டிடம் செல்லாது. போல்ட் அறுவதற்கு வெகு முன்பே தகடு வளைந்துவிடும், துளை நீண்டுவிடும், அல்லது ஓரம் கிழிந்துவிடும். நான் பிரித்த இடங்களில் இழுவையால் அறுந்த போல்ட் ஒன்றுகூட இல்லை. முட்டை வடிவத்துக்கு நீண்டுபோன துளைகள் மட்டும் எண்ண முடியாத அளவுக்கு இருந்தன.

ஆகவே, எந்த போல்ட் வலுவானது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, ஒரு அட்டையில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு வரி எழுதி, மூன்று விவரங்களை மட்டும் குறித்தேன். தகட்டின் பின்பக்கம் கை எட்டுமா, அந்தப் பாகத்தை எத்தனை முறை கழற்ற வேண்டியிருக்கும், சுமை துளைக்குக் குறுக்காக வருகிறதா அல்லது போல்ட்டை வெளியே இழுக்கும் திசையில் வருகிறதா என்பவைதாம் அவை. கை எட்டுகிற இடத்தில் அகலமான வாஷரும் நட்டும் போட்டால் போதும். வேறு எந்தப் புத்திசாலித்தனமும் தேவையில்லை. சிக்கலெல்லாம் கை எட்டாத இடங்களில்தான்.

அதற்கு முன் பழைய மரைகளை அடையாளம் காணும் வேலை இருந்தது. 1948இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் பொதுவான அங்குல மரை ஒன்றுக்கு ஒப்புக்கொண்ட பிறகு, பிரிட்டிஷ் கார்கள் படிப்படியாக அதற்கு மாறின. இருந்தாலும் மின் இணைப்புப் பாகங்களில் பிஏ (பிரிட்டிஷ் அசோசியேஷன்) என்ற பழைய சிறு மரை நெடுங்காலம் நீடித்தது. பொது மரையின் கோணம் 60 பாகை, பழைய பிரிட்டிஷ் அங்குல மரையான விட்வொர்த்தின் கோணம் 55 பாகை, பிஏ மரையின் கோணம் 47.5 பாகை. கண்ணால் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. 0 பிஏ திருகாணியின் விட்டம் 6 மில்லிமீட்டர், இடைவெளி 1 மில்லிமீட்டர். எம்6 போல்ட்டின் விட்டமும் இடைவெளியும் அவையே. கோணம் ஒன்றுதான் வேறு. இதைவிட ஆபத்தானது கால் அங்குல நட்டில் எம்6 போல்ட்டைப் போடுவது. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், அதனால் எம்6 போல்ட் சற்றே ஆடியபடி உள்ளே நுழைந்து, சில சுற்றுகள் பிடிப்பது போலவும் காட்டும். என் பானெட் கீல் ஒன்றில் யாரோ இதைத்தான் செய்திருந்தார்கள். ஸ்பேனரில் லேசாக அழுத்தியதும் நட்டின் மரை பொடியாக உதிர்ந்து வந்தது. புத்தி தடுமாறியவரை மரை கழன்றவர் என்று கேலி செய்கிறோமே, அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் இப்படி ஒரு பானெட்டின் முன் நின்றிருப்பார். மரை அளவுத் தகடுகள் அடங்கிய சிறு கருவியை வாங்கி, தட்டில் கிடந்த ஒவ்வொன்றையும் அதில் பொருத்திப் பார்த்துத் தனித்தனிக் குப்பிகளில் போட எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. அந்த நாளை நான் வீண் என்று கருதவில்லை.

தகட்டில் தானே மரை பதித்துக்கொண்டு இறங்கும் செல்ஃப் டேப்பிங் திருகாணிகளை இழிவாகப் பார்ப்பது பழைய கார் வேலை செய்பவர்களிடையே வழக்கம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் தொழிற்சாலையே பல இடங்களில் அவற்றைப் பயன்படுத்தியிருந்தது, அவற்றில் பல இன்றும் இறுக்கமாகவே இருந்தன. காரணத்தை ஒரு துளையை விரலால் தடவிப் பார்த்தபோது கண்டுகொண்டேன். அந்தத் துளை டிரில்லால் இடப்பட்டதன்று, கூர்முனையால் குத்தப்பட்டது. வெட்டி எடுக்கப்படாத உலோகம் பின்பக்கமாகத் தள்ளப்பட்டு, துளையைச் சுற்றி ஒரு சிறு கழுத்துப் போல நின்றது. அந்தக் கழுத்தினால் திருகாணிக்குத் தகட்டின் தடிமனைப் போல் இரு மடங்கு பிடிமானம் கிடைக்கிறது. நாம் டிரில் போட்டுத் துளைக்கும்போது அந்த உலோகம் சுருளாக வெளியேறிவிடுகிறது. ஒரு பழைய தகட்டுத் துண்டில் இரண்டு முறைகளையும் பக்கம் பக்கமாகச் சோதித்தேன். 4.2 மில்லிமீட்டர் திருகாணிக்கு முதலில் 2 மில்லிமீட்டர் துளையிட்டு, பின் அதைக் கூம்பு முனையால் விரித்துப் போட்டது, நேராக 3.2 மில்லிமீட்டர் டிரில் போட்டதைவிடத் தெளிவாக அதிகம் தாங்கியது. டிரில் போட்ட துளையில் ஐந்தாவது முறை கழற்றிப் பூட்டியபோதே திருகாணி சும்மா சுழலத் தொடங்கிவிட்டது. எனவே ஆயுளில் இரண்டொரு முறை மட்டுமே கழற்றப்படும், பாரம் இல்லாத பாகங்களான வயர் கிளிப்புகளுக்கும் உள் அட்டைகளுக்கும் மட்டும் இவற்றை ஒதுக்கினேன்.

ஏற்கெனவே பெரிதாகிவிட்ட துளைகளுக்கு இன்னும் பெரிய திருகாணியைப் போடுவதுதான் முந்தையவர்கள் கையாண்ட வழி. ஒவ்வொரு முறையும் ஒரு அளவு கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் துளை தகட்டின் ஓரத்தைத் தொட்டுவிடும். இங்கேதான் ஸ்பீடு நட்டு கைகொடுத்தது. ஸ்பிரிங் எஃகுத் தகட்டை யு வடிவில் மடித்து, நடுவில் இரு நாக்குகள் வெட்டிய இந்தச் சிறு பொருளை அமெரிக்காவில் ஆல்பர்ட் டின்னர்மன் என்பவர் அடுப்புகளுக்காக உருவாக்கினார். பீங்கான் பூச்சுள்ள தகடுகளில் சாதாரண நட்டை இறுக்கினால் பூச்சு விரிசல் விட்டதே அதற்குக் காரணம். பெயின்ட் அடித்த காரின் நிலைமையும் ஏறத்தாழ அதுவே. நாக்குகள் இரண்டும் வில்லைப் போல் வளைந்து மரையைக் கவ்வுவதால், இறுக்கும் விசை மெதுவாக ஏறுகிறது. அதிர்விலும் எளிதில் தளர்வதில்லை. தகட்டின் ஓரத்திலிருந்து துளை எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதை அளந்து அதற்கேற்ற நீளமுள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மட்டுமே இதில் கவனிக்க வேண்டியது. முன் கிரில், மண் தடுப்புத் தகடு, விளக்கு வளையம் எல்லாவற்றையும் இவற்றாலேயே முடித்தேன்.

மட்கார்டுகளுக்குத் தொழிற்சாலை வைத்திருந்தது கூண்டு நட்டு. சிறு தகட்டுக் கூண்டு பாடியோடு ஸ்பாட் வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். அதற்குள் சதுர நட்டு இப்படியும் அப்படியும் ஓரிரு மில்லிமீட்டர் நகரும்படி இருக்கும். நட்டு சுழலாது, ஆனால் இடம் மாறும். கதவுக்கும் மட்கார்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் கொண்டுவருவதற்கு அந்த ஓரிரு மில்லிமீட்டர் நகர்வே முழு ஆதாரம். துருவேறி இறுகிவிட்ட கூண்டுகளில் புதிய நட்டை நேரடியாகத் தகட்டில் வெல்டிங் செய்துவிடலாம் என்று எனக்கு ஆலோசனை வந்தது. அப்படிச் செய்தால் நட்டு உறுதியாக நிற்கும், ஆனால் மட்கார்டு ஆயுளுக்கும் கோணலாகவே நிற்கும். கூண்டின் காதுகளை மெதுவாக நிமிர்த்தி, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, அதே அளவில் புதிய சதுர நட்டைக் கிரீஸ் தடவி வைத்து, காதுகளை மறுபடி மடக்கினேன். இரண்டு காதுகள் மட்டுமே ஒடிந்தன.

இனி நான் சறுக்கிய இடத்துக்கு வருகிறேன். ரிவெட் நட்டு என்ற பொருளை முதன்முதலாகக் கையாண்டபோது, இனி எந்தத் துளையும் எனக்குப் பிரச்சினையே இல்லை என்ற மயக்கம் ஏற்பட்டது. இதை 1930களில் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம், விமான இறக்கைகளின் முன் விளிம்பில் பனி உடைக்கும் ரப்பர் உறைகளைப் பொருத்துவதற்காக உருவாக்கியது. பின்பக்கம் கை எட்டாத உட்குழிவான அமைப்பில், முன்பக்கத்திலிருந்தே ஒரு நட்டை நிலைநிறுத்துவதுதான் அதன் வேலை. உள்ளே மரையும் வெளியே மெல்லிய கழுத்தும் உள்ள ஒரு குழலைத் துளையில் செருகி, கருவியால் இழுத்தால், தகட்டின் பின்னால் அந்தக் கழுத்து உப்பி நசுங்கித் தகட்டைக் கவ்விக்கொள்கிறது. எம்6 அளவுக்குத் துளை 9 மில்லிமீட்டர் வேண்டும். ஹாரன் தாங்கியைப் பொருத்த முன்பக்கப் பெட்டிச் சட்டத்தில் இரண்டு துளைகளைப் படிமுனை டிரில்லால் போட்டேன். கை சற்று அழுந்தியதில் ஒன்று 9ஐத் தாண்டி 9.3 ஆகிவிட்டது. அலுமினிய ரிவெட் நட்டு அதில் சிறிது தளர்வாக நுழைந்தது. இழுத்ததும் இறுகியது போலவே தெரிந்ததால் விட்டுவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஹாரனைக் கழற்றப் போனபோது போல்ட் சுழன்றது, ஆனால் வெளியே வரவில்லை. ரிவெட் நட்டும் போல்ட்டோடு சேர்ந்து சுழன்றுகொண்டிருந்தது. முன்னே தாங்கி மறைத்ததால் நட்டின் விளிம்பைப் பிடிக்க வழியில்லை, பின்னே மூடிய பெட்டியாதலால் உள்ளே கை போகவும் வழியில்லை. போல்ட்டின் தலையை அரைத்து நீக்கித் தாங்கியை எடுத்தேன். நீட்டிக்கொண்டிருந்த மரைத்துண்டைப் பூட்டுக் குறட்டால் கவ்வி என் பக்கம் இழுத்துப் பிடித்தபடி, சிறு வெட்டுத் தட்டால் விளிம்பை நான்கு பக்கமும் சீவினேன். கடைசிப் பக்கம் விட்டுக்கொடுத்ததும் எல்லாமாகச் சேர்ந்து பெட்டிக்குள் விழுந்து, அடிவரை உருண்டு ஓடிய சத்தம் கேட்டது. அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் அதன் வயிற்றுக்குள் எஃகு மரைத்துண்டு சிக்கியிருந்ததால், நீர் வடியும் துளை வழியே காந்தம் கட்டிய கம்பியை விட்டு அரைமணி நேரத்தில் அதை வெளியே எடுத்தேன். அந்த போல்ட்மட்டும் தானாகக் கழன்று வந்திருந்தால், வண்டி திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் அந்த அலுமினியத் துண்டு என்னோடு பேசிக்கொண்டே வந்திருக்கும்.

அதன் பிறகு ரிவெட் நட்டுக்கு எனக்கென்று சில கட்டுப்பாடுகளை வைத்துக்கொண்டேன். எஃகில் செய்தது, வெளிப்பக்கம் அறுகோணமாக இருப்பது ஆகிய இரண்டும் பொருந்தினால் மட்டுமே வாங்குகிறேன். துளையை 9 மில்லிமீட்டர் வட்டமாகப் போட்டு, ஆறு மூலைகளையும் சிறு முக்கோண அரத்தால் கையாலேயே தேய்த்து எடுக்கிறேன். ஒரு துளைக்குப் பத்து நிமிடம் ஆகிறது. துளையின் விளிம்பில் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்சி பிரைமரைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே நட்டை இழுத்து அமர்த்துகிறேன். பெட்டியில் எழுதியிருக்கும் தகட்டுத் தடிமன் வரம்பைப் படிக்காமல் எதையும் வாங்குவதில்லை, ஏனெனில் தடித்த தகட்டுக்கானது மெல்லிய தகட்டில் முழுதாக நசுங்குவதற்குள் கருவி நின்றுவிடும். ஹாரன், ஃபியூஸ் பெட்டி, கண்ணாடி கழுவும் நீர்க்குப்பி போன்றவற்றைத் தாண்டி இதைக் கொண்டுபோவதும் இல்லை.

பேட்டரி தட்டுக்கு மட்டும் மும்முனை வெல்டிங் நட்டு வைத்தேன். பெயின்ட் அடிப்பதற்கு முன்பே அதைச் செய்திருந்தேன். மரைக்குள் தீப்பொறித் துளிகள் ஒட்டாதிருக்க ஒரு செப்புத் திருகாணியைப் போட்டுவைத்தே வெல்டிங் செய்தேன். வெறும் பாடியாக இருந்தபோதே இன்னும் நாலைந்து இடங்களில் அப்படி வைத்திருக்கலாம். இப்போது வைத்தால் இரு பக்கப் பெயின்டும் கருகும்.

பூட்டிய பாகங்கள் ஏன் சில வாரங்களில் தளர்கின்றன என்ற கேள்விக்கு விடை தேடியபோது, எல்லாவற்றையும்விட அதிகம் கற்றுக்கொண்டேன். ஒரு போல்ட் பிடிமானத்தைத் தருவது, அது ஸ்பிரிங்கைப் போலச் சற்று நீள்வதால்தான். 0.9 மில்லிமீட்டர் தகடும் 2 மில்லிமீட்டர் தாங்கியும் சேர்ந்தால் இறுக்கப்படும் மொத்தத் தடிமன் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தத் தூரத்தில் எம்6 போல்ட்டை நன்றாக இறுக்கினாலும் அது நீள்வது ஏறத்தாழ ஆறு மைக்ரான் மட்டுமே; மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. என் தகட்டில் பெயின்டின் தடிமனை அளந்தால் ஒரு பக்கத்துக்கே 150 மைக்ரான் இருந்தது. வாஷருக்குக் கீழே உள்ள பெயின்ட் அழுத்தத்தால் ஆறு மைக்ரான் நசுங்கினால் போதும், போல்ட்டில் சேமித்த இறுக்கம் அனைத்தும் தீர்ந்துபோகும். போல்ட் அசையாமல் நிற்கும், ஆனால் எதையும் பிடித்திருக்காது. அடுத்த அதிர்வில் சுழலத் தொடங்கிவிடும். இதற்கு ஸ்பிரிங் வாஷர் மருந்து அன்று. அது பெயின்டை வட்டமாகச் சுரண்டித் துருவுக்கு வாசல் திறந்துவிடுகிறது. நான் செய்தது, வாஷர் அமரும் வட்டத்தில் மேல் பூச்சுகளை மட்டும் சீவி எபாக்சி பிரைமர்வரை இறங்கி, துளையின் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு அகலமுள்ள தடித்த வாஷரைப் போட்டதுதான். இடமிருந்த இடங்களில் 10 மில்லிமீட்டர் குழலைச் செருகி, நீளமான போல்ட் போட்டேன். நீளம் கூடினால் நீட்சியும் கூடும். நட்டுக்கு உள்ளே நைலான் வளையமுள்ள வகையைத் தேர்ந்தேன். இறுக்கம் குறைந்தாலும் அது உராய்வால் மரையைப் பிடித்துக்கொள்ளும். நைலான் ஏறத்தாழ 120 பாகை செல்சியஸுக்கு மேல் தாங்காது என்பதால் புகைபோக்கிக் குழாய்க்கு அருகில் மட்டும் முழு உலோக நட்டுகளே இருக்கின்றன. மின்சார எர்த் இணைப்புகளில் இதற்கு நேரெதிராகப் பல் வைத்த வாஷரைப் போட்டுப் பெயின்டை வேண்டுமென்றே கடிக்கவிட்டு, மேலே கிரீஸ் பூசினேன்.

துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளால் வண்டி முழுவதையும் மினுமினுக்க வைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. அவை துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் ஈரமும் உப்பும் சேர்ந்த இடத்தில், பெயின்ட் சுரண்டப்பட்ட துளை விளிம்பிலுள்ள சாதாரண எஃகை அரிக்க விட்டுவிடுகின்றன. துத்தநாகம் பூசிய போல்ட்டோ தான் முதலில் அரிபட்டுத் தகட்டைக் காக்கிறது. மாற்ற வேண்டியது போல்ட்டா தகடா என்று கேட்டுக்கொண்டபோது விடை எளிதாயிற்று. அலுமினிய அலங்காரப் பட்டைகளில் இந்த அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும் என்பதால், அங்கே திருகாணிக்கும் பட்டைக்கும் இடையே நைலான் வாஷர் வைத்தேன். துருப்பிடிக்காத எஃகு நட்டும் போல்ட்டும் ஒன்றோடொன்று உராய்ந்து வெல்டிங் போட்டதைப் போல இறுகிக்கொள்ளும் குணமும் உண்டு. அதனால் கழற்றத் தேவையான நம்பர் பிளேட்டில் மட்டும், இறுகாமல் தடுக்கும் பசை தடவி, அவற்றைப் பயன்படுத்தினேன்.

சாதாரண ரிவெட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கழற்றவே தேவையில்லாத அடையாளத் தகட்டுக்கு 3.2 மில்லிமீட்டர் ரிவெட் போதுமானதாக இருந்தது. ரப்பருக்குள் பித்தளை நட்டு பொதிந்த வகையைக் காற்றுத் தடுப்புக் கண்ணாடிக்குக் கீழுள்ள தகட்டில் வைத்தேன்; அது நீர் ஒழுகாமலும் அடைத்துக்கொண்டது.

இருக்கைப் பட்டையின் பிடிமானத்தில் மட்டும் மேலே சொன்ன எதையும் நான் பயன்படுத்தவில்லை. அதற்கான போல்ட் உலகெங்கும் பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. பழைய தளத்தகட்டில் துளையிட்டு அதை வெறும் வாஷரோடு முடுக்கினால், மோதலின்போது வாஷரோடு சேர்ந்து தகட்டின் ஒரு வட்டம் பிய்ந்து வந்துவிடும். துருவில்லாத தளத்தின் அடியில், மூலைகளை வளைத்த 3 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை, நட்டு அதோடு வெல்டிங் செய்யப்பட்ட நிலையில் வைத்து, இந்த ஒரு வேலையை மட்டும் தொழில்முறையாகச் செய்பவரிடம் காட்டி ஒப்புதல் பெற்ற பின்பே பட்டையை மாட்டினேன்.

எல்லாம் பூட்டி முடித்ததும், ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து வாஷர் வழியாகத் தகடுவரை வெள்ளைப் பெயின்டால் மெல்லிய கோடு ஒன்று இழுத்தேன். ஐநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு விளக்கு வைத்துப் பார்த்தபோது, கண்ணாடி கழுவும் நீர்க்குப்பியின் தாங்கியில் ஒரு கோடு மட்டும் கால் சுற்று விலகியிருந்தது. கழற்றியபோது, வாஷருக்குக் கீழே நான் சீவ மறந்த பெயின்ட் நகத்தடம் பதிந்த மெழுகைப் போல வட்டமாக நசுங்கியிருந்தது. அதைச் சீவி, பிரைமர் தொட்டு, மறுபடி இறுக்கிப் புதுக் கோடு இழுத்தேன். அந்தக் கோடு இன்றுவரை விலகவில்லை.